பலகைச் சுவர் வைக்கப் போகிறீர்களா? முதலில் கணக்குப் போடுங்கள்!

மகனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகிறது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு படுக்கை அறை. கூடம் மட்டும் பெரிது. "கூடத்தைத் தடுத்து ஓர் அறை ஆக்கிவிடலாமே!" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

காண்டிராக்டர் வருகிறார். அங்கும் இங்கும் பார்க்கிறார். "ஜிப்சம் பலகையில் சுவர் வைத்துவிடலாம். மணல் வேண்டாம், சிமெண்டு வேண்டாம். சில நாளில் முடிந்துவிடும்" என்கிறார். ஒரு தொகையும் சொல்கிறார். குடும்பத் தலைவர் தலையை ஆட்டுகிறார். முன்பணம் கைமாறுகிறது.

எத்தனை பலகை? என்ன கனம்? எந்த வகை? கதவு வரும் இடத்துக்கும் பணம் உண்டா? இதை எல்லாம் யாரும் கேட்பதில்லை.

கத்திரிக்காய் வாங்கும்போது நிறுவையைக் குனிந்து பார்க்கிறோம். துணி வாங்கும்போது முழம் போட்டுப் பார்க்கிறோம். பல ஆயிரம் ரூபாய் செலவாகும் சுவருக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம். இது சரியல்ல. பலகைச் சுவரின் கணக்கு, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலுக்கு மேல் போகாது. எட்டாம் வகுப்புப் பிள்ளை அரை மணி நேரத்தில் போட்டுவிடும். அந்த அரை மணி நேரத்தை ஒதுக்காத வீடுதான் பிறகு வருந்துகிறது.

பலகைச் சுவர் என்றால் என்ன?

அறையைத் தட்டி வைத்துத் தடுப்பது நமக்குப் புதிது அல்ல. மூங்கில் தட்டி, ஓலைத் தட்டி, பலகைத் தட்டி எல்லாம் நம் வீடுகளில் இருந்தவையே. ஜிப்சம் பலகைச் சுவரும் ஒரு வகைத் தட்டிதான். ஆனால் பார்வைக்குப் பூசிய சுவரைப் போலவே இருக்கும்.

ஜிப்சம் என்பது மண்ணில் கிடைக்கும் ஒரு மெதுவான கல். இந்தியாவில் அது அதிகமாகக் கிடைப்பது ராஜஸ்தானில். தமிழ்நாட்டில் பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களிலும் உண்டு. எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடுகிறார்களே, அந்த மாவு இந்தக் கல்லைச் சுட்டுப் பொடித்து எடுத்ததுதான். பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டியும் பெரும்பாலும் இதே மாவுதான்.

இந்த மாவைக் குழைத்து, இரண்டு கெட்டிக் காகிதங்களுக்கு நடுவில் பலகையாக வார்த்துவிடுகிறார்கள். இந்த வகைப் பலகைக்கு முன்னோடியாக அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் என்பவர் ஒரு பலகையைச் செய்து, 1894-ல் காப்புரிமை பெற்றார். இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு அந்த நாட்டில் வேகமாக வீடுகள் கட்ட வேண்டி வந்தது. ஈரப் பூச்சுப் பூசி, அது காயும்வரை காத்திருக்க நேரம் இல்லை. பலகைச் சுவர் அங்கே வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. ஈரப் பூச்சு இல்லாத காரணத்தால் அதை 'உலர் சுவர்' என்று அழைத்தார்கள்.

பலகை தானாக நிற்காது. முதலில் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுச் சட்டங்களை நிறுத்துவார்கள். கடையில் இதைச் 'சேனல்' என்பார்கள். சட்டத்தின் இரண்டு பக்கமும் பலகையைத் திருகாணி போட்டு முடுக்குவார்கள். ஒட்டுகளில் டேப்பு ஒட்டிக் கலவை பூசித் தேய்ப்பார்கள். பிறகு வர்ணம் அடித்தால் ஒட்டு தெரியாது.

இது 'அட்டைச் சுவர்' என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். அந்த ஏளனம் தேவை இல்லை. ஜிப்சம் கல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பாகம் தண்ணீர். தீப் பிடித்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறும். அதுவரை நெருப்பு சுவரைத் தாண்டிப் போவது தாமதமாகும். மரத் தட்டிக்கு இந்தக் குணம் இல்லை.

மாடிக்கு ஏற்றது

மாடியில் அறை தடுக்கும் குடும்பங்கள் ஒன்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அதுதான் எடை.

12 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள ஒரு சுவரை எடுத்துக்கொள்ளலாம். அதில் 3 அடி அகலம், 7 அடி உயரத்துக்கு ஒரு கதவு. நாலரை அங்குலச் செங்கல் சுவராகக் கட்டி இரு பக்கமும் பூசினால், அதன் எடை ஏறக்குறைய இரண்டரை டன். அதே சுவரைப் பலகையில் வைத்தால் கால் டன்கூட வராது. பத்தில் ஒரு பங்குதான்!

கீழே உத்தரம் இல்லாத இடத்தில் இரண்டரை டன்னைத் தளத்தின் மேல் ஏற்றுவது விளையாட்டு அல்ல. தளம் தொய்யும், விரிசல் விடும். என்ஜினீயரைக் கேட்காமல் மாடியில் செங்கல் சுவர் எழுப்பும் வீட்டார், தங்கள் தலைக்கு மேலேயே ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள். அந்த இடத்துக்குப் பலகைச் சுவரே நல்லது.

எங்கே வைக்கக் கூடாது?

ஆனால் எல்லா இடத்துக்கும் இது ஆகாது. பலகைக்குப் பகை தண்ணீர். மழை அடிக்கும் வெளிச் சுவருக்கு இது கூடாது. குளியல் அறையில் தண்ணீர் நேராகத் தெறிக்கும் சுவருக்கும், பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குப் பின்புறமும் கூடாது. அங்கெல்லாம் செங்கல்லே சரி.

"பச்சைப் பலகை போட்டால் தண்ணீருக்குத் தாங்கும்" என்று கடையில் சொல்வார்கள். பச்சைப் பலகை காற்றில் உள்ள ஈரத்தைத் தாங்கும். தேங்கி நிற்கும் தண்ணீரைத் தாங்காது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

வெள்ளம் வரும் பகுதியில் தரைத்தள வீடு என்றால் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. செங்கல் சுவர் நனைந்தால் காய்ந்துவிடும். பலகை அப்படி அல்ல. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது தண்ணீரை மேலே இழுக்கும். காகிதம் உப்பும், பூஞ்சை பிடிக்கும். பிறகு அறுத்து எடுத்து வேறு போட வேண்டியதுதான். தண்ணீர் எட்டிப் பார்க்கும் வீட்டில் செங்கல் சுவரே மேல். லேசாக மட்டும் நனையும் இடம் என்றால், அடியில் ஓர் அடிக்குச் செங்கல் அல்லது கான்கிரீட் திண்டு கட்டி அதன் மேல் பலகை வைக்கலாம். எந்த இடமானாலும் பலகையின் அடி விளிம்பு தரையைத் தொடக் கூடாது. அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விட வேண்டும். வீடு கழுவும் தண்ணீரே அதற்குப் போதும்!

கறையான் உள்ள வீடுகளும் கவனமாக இருக்க வேண்டும். கறையானுக்கு ஜிப்சம் உணவு அல்ல. ஆனால் மேலே உள்ள காகிதம் உணவு.

எந்தப் பலகை?

கடையில் 9.5 மில்லிமீட்டர், 12.5 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் கனங்களில் பலகை வரும். வீட்டுச் சுவருக்கு 12.5 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம் வேண்டும். மெல்லிய பலகையைச் சுவருக்குப் போட்டால் குழந்தை பந்து எறிந்தாலே குழி விழும். வாங்கும்போது ஸ்கேலை விளிம்பில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். இதில் வெட்கம் எதற்கு?

காகிதத்தின் நிறம் பலகையின் வகையைச் சொல்லும். வெள்ளை அல்லது சாம்பல் நிறம் சாதாரண அறைகளுக்கு. பச்சை, ஈரக் காற்று உள்ள இடத்துக்கு. இளஞ்சிவப்பு, நெருப்பை அதிக நேரம் தாங்குவதற்கு. படுக்கை அறைக்குச் சாதாரணப் பலகையே போதும். "எல்லாவற்றிலும் உயர்ந்தது" என்று சொல்லி விலை கூடிய பலகையைத் தலையில் கட்டினால் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பலகையின் பின்புறத்தில் இந்தியத் தர எண் ஐ.எஸ். 2095 அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் தவறாமல் பார்க்க வேண்டும்.

அறைக்கு அறை சத்தம் கேட்கும் என்பது உண்மை. சுவருக்குள் கூடாக இருப்பதே காரணம். புது மணமக்களின் அறை, பிள்ளைகள் படிக்கும் அறை என்றால், பலகையை மூடும் முன் உள்ளே கண்ணாடி நாரில் செய்த பஞ்சை நிரப்பச் சொல்ல வேண்டும். சுவரை மூடிய பிறகு நினைத்தால் பயன் இல்லை.

ஆணி விஷயமும் அப்படித்தான். காலண்டர் மாட்டலாம். சிறு படம் மாட்டலாம். தொலைக்காட்சிப் பெட்டி, சாமி அலமாரி, புத்தக அலமாரி வெறும் பலகையில் நிற்காது. எது எங்கே வரும் என்பதை முன்பே முடிவு செய்து, அந்த இடத்தில் உள்ளே ஒட்டுப்பலகை வைக்கச் சொல்ல வேண்டும். மின்சார ஒயரும் அப்போதே போய்விட வேண்டும்.

இனி, கணக்கு!

மேலே சொன்ன அதே சுவர். நீளம் 12 அடி. உயரம் 10 அடி. ஒரு முகம் 120 சதுர அடி. சுவருக்கு இரண்டு முகம். ஆகவே 240 சதுர அடி.

கதவு 3 அடிக்கு 7 அடி. அது 21 சதுர அடி. இரண்டு முகத்துக்கும் 42. கழித்தால் மிச்சம் 198 சதுர அடி.

கடைகளில் அதிகம் கிடைப்பது 4 அடிக்கு 6 அடிப் பலகை. அதாவது 24 சதுர அடி. 198-ஐ 24-ஆல் வகுத்தால் எட்டேகால். "9 பலகை போதும்" என்று தோன்றும்.

காண்டிராக்டர் வேறு மாதிரி சொல்வார். கதவைக் கழிக்க மாட்டார். 240-ஐ அப்படியே வைத்துக்கொள்வார். "சேதாரம் நூற்றுக்கு 20" என்று சேர்த்து 288 ஆக்குவார். 24-ஆல் வகுத்தால் 12 பலகை!

ஒருவர் 9 என்கிறார். மற்றவர் 12 என்கிறார். எது சரி? இரண்டும் சரி இல்லை!

பலகையை மாவு போல அள்ளிப் பூச முடியாது. அது துண்டு துண்டாகத்தான் சுவரில் ஏறும். எனவே ஒரு தாளில் சுவரைப் படமாக வரைய வேண்டும். அதில் பலகைகளைக் கட்டம் கட்டமாகப் போட வேண்டும். அப்போதுதான் உண்மை தெரியும்.

சுவரின் நீளம் 12 அடி. பலகையின் அகலம் 4 அடி. ஆகவே ஒரு முகத்துக்கு 3 வரிசை. சுவரின் உயரம் 10 அடி. பலகையோ 6 அடி. ஆகவே ஒரு வரிசைக்கு ஒரு முழுப் பலகையும் ஒரு 4 அடித் துண்டும் வேண்டும். அந்தத் துண்டை இன்னொரு பலகையில் வெட்ட வேண்டும். வெட்டினால் 2 அடித் துண்டு மிஞ்சும். ஆக, கதவு இல்லாத ஒரு வரிசைக்கு 2 பலகை. அப்படி 2 வரிசை. மொத்தம் 4 பலகை.

கதவு சுவரின் ஓரத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வரிசையில் மேலே ஒரு முழுப் பலகை. அதில் கதவு வரும் மூலையை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். கதவின் மூலைக்கு நேராக ஒட்டு வரவே கூடாது. கதவை ஒவ்வொரு தடவை சாத்தும்போதும் அந்த இடம் அதிரும். ஒட்டு இருந்தால் விரிசல் விடும். கீழே, கதவுக்குப் பக்கத்தில், 1 அடி அகலத்துக்கு 4 அடி உயரக் கீற்று வேண்டும். அது முன்பு மிஞ்சிய 2 அடித் துண்டிலேயே கிடைத்துவிடும்.

ஆக, ஒரு முகத்துக்கு 5 பலகை. இரண்டு முகத்துக்கும் 10 பலகை. ஏற்றி இறக்குவதில் ஒன்று உடையலாம். அதற்கு 1. மொத்தம் 11. உடையாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுக்கலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

9 வாங்கினால் வேலை பாதியில் நிற்கும். ஒரு பலகைக்காகத் தனி வண்டி பிடிக்க வேண்டும். 12 வாங்கினால் பணம் வீண். 10 பலகையிலேயே சுவர் முடிந்துவிடும் என்பதைச் சொன்னது தாளில் போட்ட படம்தான்.

பலகையின் அளவை மாற்றினால் கணக்கும் மாறும். 4 அடிக்கு 8 அடிப் பலகை கிடைத்தால் இதே சுவருக்கு 7 போதும். 10 சிறு பலகை 240 சதுர அடி. 7 பெரிய பலகை 224 சதுர அடி. 16 சதுர அடி மிச்சம், ஒட்டும் குறைவு. ஆனால் 8 அடிப் பலகை மாடிப்படியில் திரும்புமா என்று முதலில் அளக்க வேண்டும். படியில் திரும்பாத பலகையைத் தெருவில் வைத்து வெட்டினால் மிச்சமும் போய்விடும்.

சட்டமும் திருகாணியும்

சட்டத்தின் கணக்கு இன்னும் எளிது. மேலே 12 அடி. கீழே, கதவு போக 9 அடி. சேனலை 12 அடி நீளமாக வாங்கினால் 2 போதும். கீழ்ச் சட்டத்தில் மிஞ்சும் 3 அடித் துண்டு கதவின் தலைக்கு ஆகும்.

நிற்கும் சட்டங்களை 2 அடிக்கு ஒன்றாக நிறுத்த வேண்டும். 12 அடிக்கு 7 வரும். கதவின் ஓரம் உறுதியாக நிற்க இன்னும் 2. மொத்தம் 9. சில இடங்களில் இடைவெளியை 3 அடியாக்கிவிடுவார்கள். சட்டம் மிச்சமாகும். சுவரோ தட்டினால் ஆடும்! ஆகவே பலகையை மூடும் முன் வீட்டில் ஒருவர் டேப்பு பிடித்து அளந்து பார்க்க வேண்டும். சட்டத்தின் தகடு அரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

திருகாணி, பலகை ஒன்றுக்கு 30 என்று வைத்துக்கொண்டால் 10 பலகைக்கு 300. ஒட்டுக்கான டேப்பு இரண்டு முகத்துக்கும் ஏறக்குறைய 60 அடி. சுவரும் கூரையும் சேரும் ஓரங்களுக்குத் தனி.

'சதுர அடி' என்றால் எது?

கூலி பேசும்போது எல்லோரும் 'சதுர அடிக்கு இவ்வளவு' என்பார்கள். எந்தச் சதுர அடி என்று கேட்பவர்கள் குறைவு. சண்டை அங்கேதான் பிறக்கிறது.

இந்தச் சுவரை ஒரு முகமாக அளந்து கதவைக் கழித்தால் 99 சதுர அடி. கதவைக் கழிக்காவிட்டால் 120. இரண்டு முகமாக அளந்தால் 198. கழிக்காவிட்டால் 240. ஒரே சுவருக்கு நான்கு அளவுகள்! விலை ஒன்றாக இருந்தாலும், 99-க்குப் பேசியதாக வீட்டார் நினைத்து, 240-க்குப் பில் வந்தால் செலவு இரண்டரை மடங்கு ஆகிவிடும். கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்த பணம் சுவருக்குப் போய்விடும்.

இதற்கு வழி, ஒரு வெள்ளைத் தாள்தான். ஒரு முகமா, இரு முகமா? கதவு கழியுமா? எந்தப் பலகை, என்ன கனம்? சட்டம் எத்தனை அடிக்கு ஒன்று? உள்ளே பஞ்சு உண்டா? ஒட்டுப் பூச்சும் வர்ணமும் சேர்ந்த விலையா, தனியா? இந்த ஆறு கேள்விக்கும் பதிலை எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிறகுதான் முன்பணம்.

கணக்குக் கேட்டால் கோபமா?

"என் மேல் நம்பிக்கை இல்லையா, அம்மா?" என்று சில காண்டிராக்டர்கள் முகத்தைச் சுருக்குவார்கள். வீட்டார் உடனே அடங்கிவிடுகிறார்கள். இது தேவை இல்லாத தயக்கம். நம்பிக்கை வேறு. கணக்கு வேறு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லி வைத்தவர்கள் நம் பெரியவர்கள்.

நல்ல வேலைக்காரர் கணக்கைக் கண்டு பயப்படுவதில்லை. கணக்கு எழுதி இருந்தால் அவருக்கும் நல்லது. "இதுவும் உங்கள் பொறுப்புத்தானே?" என்று கடைசி நாளில் வீட்டார் அவரை நெருக்க முடியாது. எழுதாத பேச்சினால் ஏமாந்த வீட்டுக்காரரும் உண்டு. கூலி கிடைக்காமல் திரும்பிய தொழிலாளியும் உண்டு.

இந்தக் கணக்கைக் குடும்பத் தலைவர் ஒருவரே போட வேண்டும் என்பதும் இல்லை. பள்ளிக்கூடம் போகும் மகளிடம் அடிக்கோலும் பென்சிலும் இருக்கின்றன. கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்தை ஓர் அடி என்று வைத்து அவள் வரைந்துவிடுவாள். அலமாரி எங்கே வரும், விளக்கு எங்கே வேண்டும் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். வெள்ளம் எந்த வருஷம் எந்தப் படிவரை வந்தது என்பது பாட்டிக்கு நினைவு இருக்கும். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் அந்தத் தாளில் ஒன்றும் விட்டுப்போகாது.

காண்டிராக்டர் வரும் நாளில் அந்தத் தாள் மேஜை மேல் இருக்கட்டும். அவர் கணக்கையும் அதன் பக்கத்தில் எழுதட்டும். இரண்டு கணக்கும் எங்கே வேறுபடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணத்தை எண்ணலாம்.